ஆன்சிபிள் வழியே ஆப்ட் பின்னிங்: எந்த பேக்கேஜ் எங்கிருந்து வர வேண்டும் என்பதைக் கோடில் வகுத்தல்

லினக்ஸ் வகைகளில் ஒன்றான டெபியன் 12 உடன் போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸின் 15-ஆம் பதிப்பு வருகிறது. 16 தேவைப்படுவோர் போஸ்ட்கிரஸ் திட்டம் தானே நடத்தும் பேக்கேஜ் களஞ்சியத்தைச் சர்வரில் சேர்ப்பது வழக்கம். சேர்த்ததும் இரு களஞ்சியங்களுக்கும், பேக்கேஜ்களை நிறுவும் கருவியான ஆப்ட் 500 என்ற ஒரே முன்னுரிமையைத் தருகிறது. எண் சமமானால் உயர்ந்த பதிப்பே தேர்வாகும். எனவே அடுத்த அப்கிரேடில் நாம் கேட்ட டேட்டாபேஸுடன், கேட்காத பிஜிபவுன்சர் (டேட்டாபேஸ் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் கருவி) போன்றவையும் புதிய களஞ்சியத்துக்கு மாறிவிடக்கூடும். இதைத் தடுக்க இந்த முன்னுரிமையை மாற்றும் விதியே பின். அதை ஒவ்வொரு சர்வரிலும் கையால் எழுதுவதை விட, பல சர்வர்களைக் கோடால் அமைக்கும் ஆன்சிபிளின் பிளேபுக்கில் (செய்ய வேண்டிய டாஸ்க்குகளின் பட்டியலில்) வைப்பதே முறை.

முதலில் எண்களின் பொருளைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏற்கெனவே நிறுவப்பட்ட பதிப்புக்கு 100. எதிர்ம எண் இட்டால் அந்தப் பதிப்பு நிறுவப்படாது. 1000-ஐத் தொட்டால் ஆப்ட் பழைய பதிப்புக்குக்கூட இறங்கிச் செல்லும். பலர் "உறுதியாக இருக்கட்டும்" என்று 1001 எழுதுகிறார்கள். டேட்டாபேஸ் ஓடும் சர்வரில், தெரிந்தே ஒருமுறை பதிப்பைக் கீழிறக்கும் வேலைக்கன்றி அந்த எண்ணை நான் எழுதுவதில்லை.

நான் பரிந்துரைப்பது, வெளிக் களஞ்சியம் முழுவதையும் தாழ்த்திவிட்டுத் தேவையானவற்றை மட்டும் உயர்த்துவது. விதிகளை எழுதும் பின் ஃபைலின் முதல் பத்தியில் பேக்கேஜ் என்ற இடத்தில் நட்சத்திரக்குறி, பின் என்ற இடத்தில் "ரிலீஸ் ஓ=ஆப்ட்.போஸ்ட்கிரஸ்க்யூஎல்.ஆர்க்", முன்னுரிமை 100. போஸ்ட்கிரஸ்க்யூஎல்-16 டெபியன் 12-இன் சொந்தக் களஞ்சியத்தில் இல்லாததால், 100 இருந்தாலும் அது நிறுவப்படும், பின்னர் புதுப்பிக்கவும் படும். அதற்குத் தனி விதி வேண்டியதில்லை. சிக்கல் இரு களஞ்சியங்களிலும் உள்ள துணை பேக்கேஜ்களில்தான். புதிய சர்வர் பேக்கேஜ் புதிய லிப்பிக்யூ5-ஐ (போஸ்ட்கிரஸுடன் பேச உதவும் லைப்ரரி) கேட்கும்போது, 500 பெற்ற டெபியனின் பழைய பதிப்பையே ஆப்ட் பிடித்துக்கொண்டு, சார்புகள் நிறைவேறவில்லை என்று நின்றுவிடும். ஆகவே இரண்டாம் பத்தியில் லிப்பிக்யூ5, போஸ்ட்கிரஸ்க்யூஎல்-காமன், போஸ்ட்கிரஸ்க்யூஎல்-கிளையன்ட்-காமன் ஆகிய மூன்றையும் இடைவெளி விட்டு ஒரே வரியில் எழுதி, அதே ரிலீஸுக்கு 500 கொடுக்க வேண்டும். பெயர் குறித்த விதி நட்சத்திர விதியை வெல்லும். அந்தச் சர்வரில் கம்பைல் செய்பவர்கள் லிப்பிக்யூ-டெவ் பேக்கேஜையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். அது லிப்பிக்யூ5-இன் மிகச் சரியான அதே பதிப்பைத்தான் ஏற்கும்.

பிளேபுக்கில் வரிசை முக்கியம். காப்பி மாட்யூல் கொண்டு பின் ஃபைலை ரூட் உரிமையில், 0644 அனுமதியுடன் பிரிஃபரன்சஸ்.டி கோப்புறையில் வைக்கும் டாஸ்க் முதலில் வர வேண்டும். களஞ்சியத்தைச் சேர்ப்பதும், ஆப்டின் பேக்கேஜ் பட்டியலான கேஷைப் புதுப்பிப்பதும் அதன் பிறகே. முறை மாறினால், இடையில் தானியங்கி அப்கிரேட் ஓடிவிட வாய்ப்பு உண்டு. அப்படி ஏறிவிட்ட பேக்கேஜை 1000-க்குக் குறைந்த எந்த எண்ணும் கீழே கொண்டுவராது. ஃபைலின் பெயரிலும் கவனம் தேவை: நீட்டிப்பு இல்லாமலோ "பிரெஃப்" என்ற நீட்டிப்புடனோ இருந்தால்தான் ஆப்ட் அதைப் படிக்கும். நான் ஒருமுறை பழக்க தோஷத்தில் "கான்ஃப்" என்று முடித்துவிட்டேன். ஆன்சிபிள் பச்சை நிறத்தில் ஓகே காட்டியது. ஃபைலைப் புறக்கணித்ததாக ஆப்ட் காட்டிய ஒற்றை வரி அறிவிப்பு லாக்கில் புதைந்து கிடந்தது.

அதனால்தான் ஃபைல் வைக்கப்பட்டதா என்பதோடு நிற்காமல், ஆப்ட் என்ன முடிவெடுத்திருக்கிறது என்பதையும் பிளேபுக்கே கேட்க வேண்டும். கமாண்ட் மாட்யூலில் "ஆப்ட்-கேஷ் பாலிசி லிப்பிக்யூ5 பிஜிபவுன்சர்" என்று ஓட்டி, மாற்றம் இல்லை என்று குறித்து, விடையைப் பதிவுசெய்துகொள்ளலாம். அந்தச் சூழலில், வெளியீட்டின் மொழியைத் தீர்மானிக்கும் எல்சி_ஆல் மதிப்பை சி என்று வைக்க மறக்கக் கூடாது. சர்வரின் மொழி வேறாக இருந்தால், ஆப்ட் நிறுவத் தேர்ந்த பதிப்பைக் குறிக்கும் கேண்டிடேட் என்ற சொல்லே மொழிபெயர்க்கப்பட்டு, நம் தேடல் வெறுங்கையோடு திரும்பும். பிறகு நிபந்தனையைச் சோதிக்கும் அசர்ட் டாஸ்க்கில், லிப்பிக்யூ5-இன் கேண்டிடேட் பதிப்பில், போஸ்ட்கிரஸ் களஞ்சியத்தின் பேக்கேஜ்களைக் காட்டும் "பிஜிடிஜி" என்ற எழுத்துகள் இருக்கின்றனவா, பிஜிபவுன்சரில் அவை இல்லையா என்று இரண்டையும் சோதிக்க வேண்டும். எதையும் மாற்றாமல் ஒத்திகை பார்க்கும் செக் மோடில் கமாண்ட் டாஸ்க் தவிர்க்கப்படும் என்பதால், இந்த ஒரு டாஸ்க்குக்கு செக் மோடை அணைத்து வைப்பது நல்லது.

ஆப்ட் மாட்யூலிலேயே சமக்குறி இட்டு முழுப் பதிப்பெண்ணை எழுதிவிட்டால் போதாதா என்ற கேள்வி எழலாம். இன்று அது வேலை செய்யும். களஞ்சியத்திலிருந்து அந்தப் பழைய பதிப்பு நீக்கப்பட்ட பிறகு புதிய சர்வர் ஒன்றை எழுப்பும்போது பிளேபுக் நின்றுவிடும். களஞ்சியத்தின் சொந்த நகலை (மிரர்) வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும்.

விதி தேவையற்றுப் போகும்போது, டாஸ்க்கை பிளேபுக்கிலிருந்து அழித்தால் மட்டும் சர்வரில் உள்ள ஃபைல் மறையாது. ஃபைல் மாட்யூலில் நிலையை ஆப்சென்ட் என்று குறித்து எல்லா சர்வர்களிலும் ஒருமுறை ஓட்டிய பிறகே டாஸ்க்கை நீக்க வேண்டும். ஆன்சிபிள் போன்ற மற்றொரு கருவியான பப்பெட் பயன்படுத்துவோருக்கு இந்த வேலை எளிது: அதன் ஆப்ட் மாட்யூலில் பின் என்ற தனி வகையே உண்டு, பிரிஃபரன்சஸ்.டி-க்குப் பர்ஜ் வசதியை இயக்கினால், கோடில் இல்லாத பின் ஃபைல்கள் அடுத்த ஓட்டத்தில் தாமே நீங்கிவிடும்.