ஓப்பன்பிஎஸ்டி திருத்தங்கள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஓப்பன்பிஎஸ்டி இயங்குதளத்தின் ஒவ்வொரு வெளியீட்டுக்கும் 'எர்ராட்டா' என்ற பெயரில் ஒரு திருத்தப் பட்டியல் உண்டு. அதில் 001, 002 என வரிசை எண்ணுடன் வரும் ஒவ்வொரு திருத்தமும் பெரும்பாலும் 'பாதுகாப்புத் திருத்தம்' அல்லது 'நம்பகத்தன்மைத் திருத்தம்' என்ற இரண்டு முத்திரைகளில் ஒன்றைத் தாங்கியிருக்கும். முன்னது ஊடுருவலுக்கு இடம்தரும் ஓட்டையை அடைக்கிறது. பின்னது கணினி நின்றுபோவதற்கோ தரவு பழுதாவதற்கோ காரணமான பிழையைச் சரிசெய்கிறது. ஃபயர்வாலாகவும் ரூட்டராகவும் மெயில் சர்வராகவும் இந்த இயங்குதளத்தை நம்பியிருப்பவர்கள் பலர். அவர்கள் இதைத் தேர்ந்தெடுக்க முதற்காரணம் இதன் பாதுகாப்புப் பெயர்தான். ஆனால் திருத்தம் வெளியாகும் நேரத்துக்கும், திருத்தப்பட்ட நிரல் நம்முடைய கணினியின் நினைவகத்தில் உண்மையிலேயே ஓடத் தொடங்கும் நேரத்துக்கும் இடையே பல படிகள் இருக்கின்றன. நான் பார்க்கும் தவறுகளில் பெரும்பாலானவை, ஏதோ ஒரு படியில் நின்றுகொண்டு வேலை முடிந்துவிட்டது என்று எண்ணுவதால் வருபவை.

முதல் தவறு முத்திரையைப் பார்த்தே தொடங்கிவிடுகிறது. பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் உடனே போட்டுவிட்டு, நம்பகத்தன்மைத் திருத்தங்களை அடுத்த பராமரிப்பு நாளுக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. இதற்கு எதிரான மிகச் சிறந்த சான்று இந்த இயங்குதளத்தின் வரலாற்றிலேயே கிடைக்கிறது. ஐபிவி6 வலையமைப்பில் வரும் துண்டாக்கப்பட்ட ஐசிஎம்பிவி6 பாக்கெட்டுகளை, இயங்குதளத்தின் மையப்பகுதியான கர்னல் கையாளும் இடத்தில் நினைவகப் பிழை ஒன்று இருப்பதை 2007 பிப்ரவரியில் கோர் செக்யூரிட்டி நிறுவனத்தின் ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். கர்னலை நிலைகுலையச் செய்யும் பிழை என்ற அளவில் அது மதிப்பிடப்பட்டு, மார்ச் மாதத்தில் நம்பகத்தன்மைத் திருத்தமாகவே வெளியானது. அதே பிழையைக் கொண்டு தொலைவிலிருந்து கர்னலுக்குள் நிரலை ஓட்ட முடியும் என்பதை ஆய்வாளர்கள் செயல்முறையாகக் காட்டிய பிறகு, சில நாட்களுக்குள் முத்திரை பாதுகாப்புத் திருத்தம் என்று மாற்றப்பட்டது. இயல்பு நிறுவலில் இதுவரை ஒரே ஒரு தொலைநிலை ஓட்டைதான் என்று திட்டம் பெருமையுடன் சொல்லிவந்த வாசகம், இரண்டு என்று மாறியதும் இதனால்தான்.

இங்கே கவனிக்க வேண்டியது, பிழையும் அதற்கான திருத்தமும் அப்படியே இருந்தன, அதைப் பற்றிய மதிப்பீடு மட்டும் மாறியது என்பதே. முதல் அறிவிப்பைக் கண்டவுடன் நிறுவியவர்களுக்கு முத்திரை மாறியதால் எந்தக் கவலையும் இல்லை. முத்திரையைப் பார்த்துத் தள்ளிவைத்தவர்களோ அந்த நாட்கள் முழுவதும் திறந்த கதவோடு இருந்தார்கள். நினைவகத்தை எல்லை மீறி எழுதும் பிழை இன்று கணினியை நிறுத்துகிறது என்றால், போதிய திறமையும் பொறுமையும் உள்ள ஒருவர் நாளை அதைத் தமக்கு வேண்டியபடி வளைக்கக்கூடும். ஆகவே இரண்டு முத்திரைகளையும் ஒரே அவசரத்துடன் நடத்துவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

புதிதாக நிறுவிய கணினி முழுமையாகத் திருத்தப்பட்டதாகவே இருக்கும் என்று எண்ணுவது அடுத்த தவறு. நிறுவல் கோப்புகள் வெளியீட்டுக்காக உருவாக்கப்பட்டபோது எப்படி இருந்தனவோ அப்படியே இருக்கும். பின்னால் வரும் திருத்தங்கள் அவற்றுக்குள் சேர்க்கப்படுவதில்லை. 5.5 வெளியீடு 2014 மே 1ஆம் தேதி வந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் லைப்ரரி வழியாக நினைவகத் தரவைக் கசியவிட்ட ஹார்ட்பிளீட் ஓட்டைக்கான திருத்தமோ அந்த ஏப்ரலிலேயே அதன் பட்டியலில் ஏறிவிட்டது. அதாவது வெளியீட்டு நாளன்றே அதை நிறுவியவருக்கும் போடவேண்டிய திருத்தம் ஒன்று காத்திருந்தது. இப்போதைய வெளியீடுகளில், நிறுவியபின் முதல் தடவை கணினி எழும்பும்போதே கிடைக்கும் திருத்தங்கள் தேடப்பட்டு, பட்டியல் முழு உரிமையுள்ள ரூட் பயனருக்கு மின்னஞ்சலாகப் போய்ச் சேர்கிறது. அந்த அஞ்சல் பெட்டியைத் திறந்து பார்ப்பவர்கள் குறைவு என்பதுதான் சிக்கல். ரூட்டுக்கு வரும் அஞ்சலை நாம் தினமும் பார்க்கும் முகவரிக்குத் திருப்பிவிடுவதும், திருத்தங்களை இறக்கி நிறுவும் 'சிஸ்பேட்ச்' கட்டளையை 'சி' என்ற விருப்பத்துடன், குறித்த நேரத்தில் கட்டளைகளை ஓட்டும் கிரானில் அன்றாடம் ஓடவிடுவதும் சிறிய வேலைகள்தாம். அந்த விருப்பம் எதையும் நிறுவாது. நிலுவையில் இருப்பவற்றை மட்டும் சொல்லும்.

ஆதரவுக் காலத்தைக் கணக்கில் கொள்ளாமல் விடுவது இதைவிடப் பெரிய ஆபத்து. ஓப்பன்பிஎஸ்டி ஏறக்குறைய ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீட்டைத் தருகிறது. கடைசி இரண்டு வெளியீடுகளுக்கு மட்டுமே திருத்தங்கள் வரும். மற்ற இயங்குதளங்களில் ஐந்து ஆண்டு, பத்து ஆண்டு ஆதரவுக்குப் பழகியவர்கள் இந்த ஓராண்டுக் கணக்கை மறந்துவிடுகிறார்கள். ஆதரவு முடிந்த வெளியீட்டில் புதிய திருத்தம் எதுவும் வருவதில்லை என்பதால், சிஸ்பேட்ச் நிறுவ ஒன்றுமில்லை என்ற நிலையிலேயே மாதக்கணக்கில் அமைதியாக இருக்கும்; அந்த அமைதியை நலம் என்று எடுத்துக்கொள்கிறார்கள்.

2020 ஜனவரியில் என்ன நடந்தது என்று பாருங்கள். ஓப்பன்எஸ்எம்டிபிடி என்ற மெயில் சேவையில், அனுப்புநர் முகவரியைச் சரிபார்க்கும் இடத்தில் இருந்த பிழை வழியாக ரூட் உரிமையுடன் கட்டளைகளை ஓட்ட முடியும் என்று குவாலிஸ் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினார்கள். 2018 மே மாதத்தில் நுழைந்த பிழை அது. ஆகவே அந்த ஆண்டு அக்டோபரில் வந்த 6.4 வெளியீட்டிலும் இருந்தது. ஆனால் 2019 அக்டோபரில் 6.6 வந்தபோதே 6.4க்கான ஆதரவு முடிந்துவிட்டதால், திருத்தம் 6.5க்கும் 6.6க்கும் மட்டுமே வெளியானது. மூன்று மாதம் தாமதித்து 6.4லேயே இருந்தவர்கள், உலகறிந்த ஓட்டையோடும் அதற்குத் திருத்தமே இல்லாத கணினியோடும் நின்றார்கள். இயல்பு அமைப்பில் அந்தச் சேவை உள்முகவரியில் மட்டும்தான் கேட்கிறது, எனவே அவசரமில்லை என்று சமாதானம் சொன்னவர்களும் உண்டு. அந்த அமைப்பிலும் கணினியில் கணக்குள்ள ஒரு சாதாரணப் பயனர் ரூட்டாக மாற முடியும் என்பதை அந்த அறிக்கையே தெளிவாகக் கூறியிருந்தது.

வெளியீடுகளைத் தாண்டிக் குதிப்பதும் இதனோடு சேர்ந்த தவறுதான். பின்தங்கிவிட்டோம் என்ற பதற்றத்தில் இரண்டு மூன்று வெளியீடுகளை ஒரே தாவலில் கடக்க முயலக் கூடாது. ஒன்றிலிருந்து அடுத்ததற்கு என்று படிப்படியாக ஏறும் வழி மட்டுமே ஆதரிக்கப்படுகிறது. 6.6 முதல் கூடவே வரும் 'சிஸ்அப்கிரேட்' கட்டளை இதைச் சில நிமிட வேலையாகச் சுருக்கிவிட்டது என்றாலும், அந்தந்த வெளியீட்டுக்கான மேம்படுத்தல் வழிகாட்டியைப் படிக்காமல் அதை ஓட்டக் கூடாது. அமைப்புக் கோப்புகளில் கையால் செய்யவேண்டிய மாற்றங்கள் அங்கேதான் எழுதப்பட்டிருக்கும்.

இனி, என் பார்வையில் எல்லாவற்றிலும் முக்கியமான தவறுக்கு வருகிறேன்: நிறுவியது வேறு, ஓடுவது வேறு என்பதை மறப்பது. 6.1 வெளியீட்டில் சிஸ்பேட்ச் வந்த பிறகு, மூல நிரலைத் தொகுக்காமலேயே திருத்தங்களைப் போட முடிகிறது. கட்டளையை ஓட்டினால் ஒவ்வொரு கோப்பும் இறங்கிக் கையொப்பம் சரிபார்க்கப்பட்டதை நட்சத்திரக் குறிகள் நிரம்பும் பட்டை காட்டும். பிறகு திருத்தம் நிறுவப்படுகிறது என்ற வரி வரும். கர்னலைத் தொடும் திருத்தமாக இருந்தால், தனித்துவமான புதிய கர்னல் இணைக்கப்படுகிறது என்றும், அதை ஏற்ற ரீபூட் செய்யவும் என்றும் கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்தக் கடைசி வரியைப் படித்த பின்பும் ரீபூட்டை அடுத்த வாரத்துக்குத் தள்ளுகிறவர்கள் ஏராளம். புதிய கர்னல் வட்டில் இருக்கிறது. ஓடிக்கொண்டிருப்பதோ பழைய ஓட்டைக் கர்னல். நிறுவிய திருத்தங்களின் பட்டியலைக் கேட்டால் எல்லாம் இருப்பதாகவே சொல்லும், ஏனெனில் அது வட்டில் உள்ளதைத்தான் சொல்கிறது.

ஓடும் கர்னல் எது என்பதை அறிய 'சிஸ்கன்ட்ரோல்' கட்டளையிடம் கர்னல் பதிப்பைக் கேட்க வேண்டும். அது தரும் விடையில் கர்னல் எந்த நாளில், எந்தக் கணினியில் உருவாக்கப்பட்டது என்ற விவரம் இருக்கும். வெளியீட்டோடு வந்த கர்னலானால் அங்கே காண்பது வெளியீட்டை உருவாக்கிய கணினியின் பெயர்; திருத்தப்பட்ட கர்னலானால் சிஸ்பேட்ச் என்ற சொல்லே அந்தப் பெயரில் இடம்பெறும், தேதியும் பிந்தியதாக இருக்கும். ரீபூட்டுக்குப் பிறகு இந்த ஒரு வரியைப் பார்ப்பதை யாரும் தவிர்க்கக் கூடாது.

கர்னலைத் தாமே தொகுத்து வைத்துக்கொண்டவர்களுக்கு இங்கே இன்னொரு இடர் இருக்கிறது. 6.2 முதல் ஒவ்வொரு தடவை கணினி எழும்பும்போதும், அடுத்த தடவைக்காகக் கர்னலின் உறுப்புகள் புதிய வரிசையில் இணைக்கப்படுகின்றன. தற்போதுள்ள கர்னலின் சரிபார்ப்புத் தொகை, பதிவு செய்யப்பட்ட தொகையோடு பொருந்தினால்தான் இந்த இணைப்பு நடக்கும். வெளியிலிருந்து கொண்டுவந்து வைத்த கர்னல் அந்தச் சோதனையில் தோற்றுவிடும். திருத்தத்தின் உறுப்புகள் வந்து சேர்ந்திருந்தும் புதிய கர்னல் பிறக்காது. தக்க காரணம் இல்லாமல் தனிக் கர்னல் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று திட்டத்தின் ஆவணங்கள் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இது போதுமான காரணம்.

கர்னலைத் தொடாத திருத்தங்களிலும் இதே கதைதான். பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரு லைப்ரரி திருத்தப்பட்டால், அதை ஏற்கெனவே நினைவகத்தில் ஏற்றிக்கொண்ட சேவைகள் பழைய பிரதியுடனேயே ஓடிக்கொண்டிருக்கும். மெயில் சேவைக்கான திருத்தமானால் 'ஆர்சிகன்ட்ரோல்' கொண்டு அந்த ஒரு சேவையை மறுபடி தொடங்கினால் போதும். இணைப்புகளைக் குறியாக்கம் செய்யும் டிஎல்எஸ் லைப்ரரி போன்ற பொதுவான ஒன்றானால், அதைப் பயன்படுத்தும் சேவைகள் எவை எவை என்று தேடி ஒன்றைத் தவறவிடுவதைக் காட்டிலும் ரீபூட் செய்துவிடுவதே பாதுகாப்பு. ஹார்ட்பிளீட் போன்ற கசிவுகளில் அதுவும் போதாது. ஓட்டை அடைபடும் முன்பே நினைவகத்திலிருந்து வெளியேறியிருக்கக்கூடிய தனிச்சாவிகளையும் கடவுச்சொற்களையும் மாற்றியாக வேண்டும். கசிந்துபோன சாவியை எந்தத் திருத்தமும் திரும்பப் பெற்றுத் தராது.

சிஸ்பேட்ச் அடிப்படை அமைப்பை மட்டுமே கவனிக்கும் என்பதும் பலருக்குத் தெரிவதில்லை. பேக்கேஜ்களாக நிறுவிய வெப் உலாவி, தரவுத்தள சர்வர், பிஎச்பி ஆகியவை அதன் எல்லைக்கு வெளியே இருக்கின்றன. அவற்றுக்கு 'பிகேஜி ஆட்' கட்டளையை 'யு' விருப்பத்துடன் தனியே ஓட்ட வேண்டும். நாமே தொகுத்து வைத்த நிரல்களுக்கோ எந்தக் கட்டளையும் உதவாது. குறிப்பாக லைப்ரரிகளைத் தனக்குள்ளேயே அடக்கிக்கொண்டு தொகுக்கப்பட்ட நிரல், கணினியில் உள்ள லைப்ரரி திருத்தப்பட்ட பிறகும் பழைய குறைகளைச் சுமந்துகொண்டிருக்கும். அதை மறுபடி தொகுப்பது நம் பொறுப்பு.

பதிப்பு எண்ணை மட்டும் கண்டு முடிவெடுப்பது எதிர்ப்பக்கத் தவறு. பழைய வெளியீட்டுக்கு வரும் திருத்தம் குறையை மட்டும் சரிசெய்யும்; மென்பொருளின் பதிப்பு எண் பெரும்பாலும் மாறாது. வெளியிலிருந்து எண்ணைப் படித்து அறிக்கை தரும் ஸ்கேனர்கள், திருத்தப்பட்ட கணினியையும் ஓட்டையுள்ளதாகக் காட்டக்கூடும். 2024 ஜூலையில் 'ரெக்ரெஷன்' என்ற பெயரில் பேசப்பட்ட, தொலைநிலை உள்நுழைவு மென்பொருளான ஓப்பன்எஸ்எஸ்எச்சின் ஓட்டை லினக்ஸில், கிளிப்சி என்ற அடிப்படை லைப்ரரியுடன் ஓடும் சர்வர்களைப் பாதித்தது. ஓப்பன்பிஎஸ்டியிலோ, சிக்னல் கையாளும் இடத்தில் பாதுகாப்பாக அழைக்கத்தக்க பதிவு முறை 2001லேயே உருவாக்கப்பட்டிருந்ததால் அது பாதிக்கப்படவில்லை. அந்த நாட்களில் எண்ணைப் பார்த்துப் பதறியவர்கள், எர்ராட்டா பட்டியலைத் திறந்து பார்த்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கலாம்.

சிஸ்பேட்ச் எல்லா வன்பொருள் வகைகளுக்கும் கிடைப்பதில்லை. ஏஎம்டி64, ஐ386, ஏஆர்எம்64 ஆகியவற்றை விட்டு வேறு வகைகளில் ஓட்டுபவர்கள், மூல நிரலில் திருத்தத்தைப் போட்டுத் தொகுக்க வேண்டும். எதைத் தொகுத்து எதை நிறுவுவது என்ற குறிப்பு ஒவ்வொரு திருத்தக் கோப்பின் தலைப்பகுதியிலேயே இருக்கும். அதைப் படிக்காமல் மூலத்தை மட்டும் திருத்திவிட்டுத் தொகுக்காமல் விடுவதும், எண் வரிசையை மீறுவதும், 5.5 முதல் வந்த 'சிக்னிஃபை' கையொப்பச் சோதனையைத் தாண்டிச் செல்வதும் வழக்கமான பிழைகள். இந்தத் திருத்தம் ஏற்கெனவே போடப்பட்டிருக்கலாம் என்று கணினி கேட்டால், 'ஆம்' என்று தட்டிவிடாதீர்கள். வெளியீட்டோடு திருத்தங்களும் சேர்க்கப்பட்டுவரும் ஸ்டேபிள் கிளையிலிருந்து எடுத்த மூலத்தில் அந்தத் திருத்தம் முன்பே சேர்ந்திருக்கக்கூடும். 'ஆம்' என்பது அதைப் பின்னோக்கி நீக்கிவிடும்.

ரீபூட்டைத் தள்ளிப்போடுவதற்குச் சொல்லப்படும் காரணம் பெரும்பாலும் சேவை தடைபடும் என்ற அச்சம்தான். அலுவலகம் முழுவதும் ஒரே ஃபயர்வாலை நம்பியிருந்தால் அந்த அச்சம் நியாயமானது. அதற்கான விடையும் இந்த இயங்குதளத்திலேயே இருக்கிறது. 2004இல் 3.5 வெளியீட்டில் அறிமுகமான 'கார்ப்' நெறிமுறையால் இரண்டு கணினிகள் ஒரே முகவரியைப் பகிர்ந்துகொள்ள முடிகிறது. 'பிஎஃப்சிங்க்' இணைப்புகளின் நிலையை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொடர்ந்து தெரிவித்துவருகிறது. முதலில் காத்திருப்பில் உள்ள கணினியில் திருத்தம் போட்டு, ரீபூட் செய்து, கர்னல் வரியைச் சரிபார்க்க வேண்டும். பிறகு முதன்மைக் கணினியின் முன்னுரிமையைக் குறைக்கும் இறக்க எண்ணை உயர்த்தினால் பொறுப்பு மற்றதற்கு மாறும். நடப்பு இணைப்புகள் அறுபடாது. அதன்பின் முதன்மைக் கணினிக்கும் அதே வேலையைச் செய்யலாம். புதிய திருத்தத்தால் ஏதேனும் கோளாறு தென்பட்டால், 'ஆர்' என்ற சிறிய எழுத்து விருப்பம் கடைசியாகப் போட்ட திருத்தத்தை மட்டும் திரும்ப எடுக்கும், பெரிய எழுத்து எல்லாவற்றையும் எடுத்துவிடும். அதற்கு வேண்டிய பழைய கோப்புகள் 'வார்' அடைவின் கீழ் உள்ள சிஸ்பேட்ச் அடைவில் சேமிக்கப்பட்டிருக்கும். வட்டில் இடம் போதவில்லை என்று அந்த அடைவை அழித்துவிட்டால் திரும்பும் வழி அடைபட்டுவிடும்.