வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் இருக்கையில் படுகொலை: பிரச்சார அலுவலகம் என்ன செய்ய வேண்டும்?

பொதுவாக்கெடுப்புப் பிரச்சாரம் உச்சத்தில் இருக்கும்போது ஒரு மக்கள் பிரதிநிதி தாக்கப்பட்டார் என்று செய்தி வந்தால், அலுவலகத்தில் எல்லோரும் இரங்கல் அறிக்கை எழுத உட்கார்ந்துவிடுவார்கள். அது இரண்டாவது வேலை. ஓடிக்கொண்டிருப்பதை நிறுத்துவதுதான் முதல் வேலை.

நேரம் குறித்து வைத்த சமூக ஊடகப் பதிவுகள், மொத்தமாகப் போகும் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, தொலைபேசி அழைப்புகள், கட்டண விளம்பரங்கள் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். கோட்டை விடுவது பெரும்பாலும் விளம்பரத்தில்தான். அந்தக் கணக்கின் கடவுச்சொல் வெளி ஏஜென்சியிடம் இருக்கும், அங்கே போனை எடுக்க ஆள் இருக்காது. ஏஜென்சியில் இரண்டு பேரின் எண்களை முன்பே வாங்கி வையுங்கள். கிளை அலுவலகங்கள் நடத்தும் பக்கங்களையும் மறக்க வேண்டாம்.

அறிக்கை நான்கு வரி போதும்: தாக்குதல் பற்றிய வருத்தம், குடும்பத்துக்கு ஆறுதல், காவல்துறைக்கு ஒத்துழைப்பு, பிரச்சாரம் நிறுத்தம். உறுதியாகும் முன் மரணம் என்ற சொல் வரவே கூடாது. 2016 ஜூன் 16 அன்று, ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறுவதா என்ற பிரெக்சிட் வாக்கெடுப்புக்கு ஒரு வாரம் முன்பு, தொழிலாளர் கட்சி எம்.பி. ஜோ காக்ஸ் பர்ஸ்டால் ஊரின் நூலகத்துக்கு வெளியே தாக்கப்பட்டது பகல் ஒரு மணிக்குச் சற்று முன். அவர் இறந்ததைக் காவல்துறை அறிவித்தபோது மாலை ஐந்து மணி ஆகியிருந்தது. இடைப்பட்ட நான்கு மணி நேரத்தில் அவசரப்படும் அலுவலகம்தான் மாட்டிக்கொள்ளும். அனுப்பும் முன் மின்னஞ்சலின் அடிப்பகுதியைப் பாருங்கள். நன்கொடை பட்டனும் கோஷமும் தானாக ஒட்டிக்கொண்டு வரும்.

கொலையாளியின் நோக்கம் பற்றி ஒரு வார்த்தையும் வேண்டாம். பிரிட்டனில் ஒருவர் கைதானதுமே வழக்கு விசாரணையைப் பாதிக்கும் பேச்சைத் தடுக்கும் 1981-ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் பொருந்தத் தொடங்கிவிடும். காக்ஸ் வழக்கில் தீர்ப்பு வந்ததோ நவம்பரில்.

அடுத்து எதிர் அணிக்கு ஒரு போன். எப்போது நிறுத்துவது, எப்போது மீண்டும் தொடங்குவது என்ற இரண்டை மட்டும் பேசுங்கள். ஒப்பந்தம் இல்லாவிட்டால் முதலில் தொடங்கும் அணிக்குத்தான் வசை விழும். பிரிட்டனில் இரு தரப்பும் அன்றே நிறுத்தின. ஸ்பெயினை ஒட்டிய பிரிட்டிஷ் பகுதியான ஜிப்ரால்டருக்கே போய்விட்ட பிரதமர் கேமரன் அங்கு நடக்க இருந்த கூட்டத்தை ரத்து செய்தார். மறுநாள் அவரும் எதிர்க்கட்சித் தலைவர் கார்பினும் சேர்ந்தே பர்ஸ்டாலுக்குப் போய் அஞ்சலி செலுத்தினார்கள். 19-ஆம் தேதி ஞாயிறன்று பிரச்சாரம் மெல்லத் திரும்பியது. திரும்பும் நாளில் பேரணி வைக்காதீர்கள். ஒரு தொலைக்காட்சி நேர்காணல் போதும். தபால் வாக்குகள் இந்த நாட்களிலும் போய்க்கொண்டுதான் இருக்கும் என்று தொண்டர்கள் பதறுவார்கள். பதறட்டும்.

கடந்த 48 மணி நேரத்தில் வெளியிட்ட எல்லாவற்றையும் மேசையில் பரப்பி மறுபடி படியுங்கள். நேற்று காரசாரமாகத் தெரிந்தது இன்று வேறு மாதிரி படிக்கப்படும். ஜூன் 16 காலையில்தான் வெளியேறும் அணியில் நின்ற யூகிப் கட்சியின் நைஜல் ஃபராஜ், நீண்ட அகதிகள் வரிசையின் படத்தோடு ‘பிரேக்கிங் பாயின்ட்’ (இனி தாங்காது என்ற எல்லை) சுவரொட்டியை வெளியிட்டிருந்தார். பிறகு வந்த நேர்காணல்களில் கேள்வியெல்லாம் அதைச் சுற்றியே. அவரோடு ஒரே பக்கம் நின்ற அமைச்சர் மைக்கேல் கோவ்கூட அதைப் பார்த்து நடுங்கிப்போனதாகச் சொன்னார். எதைத் திரும்பப் பெறுவது, எதற்குப் பதில் சொல்வது என்பதைக் கேள்வி வரும் முன்பே முடிவு செய்யுங்கள்.

குடும்பத்தின் அறிக்கையைப் பகிர்ந்தால் முழுதாகப் பகிருங்கள். உங்களுக்குச் சாதகமான வரியை மட்டும் கத்தரித்துப் படமாக்குவது அசிங்கம், பிடிபடவும் செய்யும்.

அனுதாப வாக்கு கணக்கு போடுகிறவரைக் கூட்டத்திலிருந்து வெளியே அனுப்பலாம். 2003-இல் ஸ்வீடனில் யூரோ நாணயத்தை ஏற்பதா என்ற வாக்கெடுப்புக்கு நான்கு நாள் முன்பு, ‘ஆம்’ அணியின் முகமாக இருந்த வெளியுறவு அமைச்சர் அன்னா லிண்ட் ஸ்டாக்ஹோம் கடை ஒன்றில் குத்தப்பட்டு மறுநாள் இறந்தார். அனுதாபம் ‘ஆம்’ பக்கம் அடிக்கும் என்ற பேச்சு பலமாக இருந்தது. செப்டம்பர் 14 அன்று ‘இல்லை’ 55.9 சதவீதம் பெற்று வென்றது. பிரிட்டனிலும் காக்ஸ் ஆதரித்த, ஒன்றியத்தில் நீடிக்கக் கேட்ட தரப்பு தோற்றது.

கடைசியாக, முடிவு வரும் இரவுக்கான உரை. அதை வாரங்களுக்கு முன்பே எழுதி வைத்திருப்பீர்கள், அல்லது பேச்சாளர் மேடையிலேயே கட்டுவார். ஜூன் 24 விடியலில் ஃபராஜ், ஒரு தோட்டாகூடச் சுடப்படாமல் வென்றோம் என்றார். காக்ஸ் சுடப்பட்டு எட்டு நாள்தான் ஆகியிருந்தது. வெற்றி உரை, தோல்வி உரை இரண்டிலும் தோட்டா, போர், ரத்தம், துரோகி என்று தேடி அடித்துவிடுங்கள். உரையே இல்லாமல் பேசுகிறவரிடம் அந்தச் சொற்களை ஒரு தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.