இன நீதிப் பணியில் ஈடுபடும் ஆசிரியர்கள் தங்களைக் காத்துக்கொள்ளும் முறை

அமெரிக்கப் பல்கலைக்கழகங்களில் நிறவெறிக்கு எதிராகக் குரல் கொடுக்கும் ஆசிரியர்களுக்கு, குறிப்பாகக் கறுப்பினத்தவர்க்கும் தமிழர்களாகிய எங்களைப் போன்ற பிற சிறுபான்மையினர்க்கும், கற்பித்தலும் ஆய்வும் போக மூன்றாவதாக ஒரு வேலை வந்து சேர்கிறது. 2020 மே 25 அன்று மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃபிளாய்ட் காவலரால் கொல்லப்பட்ட பிறகு, பல்கலைக்கழகங்கள் அறிக்கை மேல் அறிக்கையாக வெளியிட்டன, குழுக்களை அமைத்தன. அக்குழுக்களுக்கு அழைக்கப்பட்டவர்கள் பல துறைகளில் அதே நாலைந்து பேர்தான். உளவியலாளர் அமாடோ படில்லா 1994-இலேயே இதற்குப் ‘பண்பாட்டு வரி’ என்று பெயரிட்டார். தம் இனத்தின் பிரதிநிதியாக ஒருவர் நிறுவனத்துக்குச் செலுத்தும், ஆனால் பதவி உயர்வில் கணக்கில் வராத உழைப்பு அது. ஒரு வாரம் விடுப்பு எடுத்தால் சரியாகிவிடும் என்பவர்களோடு நான் உடன்படுவதில்லை. வரியைக் குறைக்காமல் ஓய்வை மட்டும் கூட்டினால், விடுப்பு முடிந்த மறுநாளே அதே பாரம் தோளில் ஏறிவிடும்.

ஆகவே முதலில் கணக்கு எழுதத் தொடங்குங்கள். மாலை ஐந்து மணிக்கு நீங்கள் பையை மாட்டிக்கொண்டு கிளம்பும்போது ஒரு மாணவி கதவருகே வந்து நிற்கிறாள். நேற்று இரவு விடுதி வாசலில் தன்னிடம் மட்டும் அடையாள அட்டை கேட்டார்கள் என்று சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்திவிட்டு, சட்டைக் கையில் பிரிந்திருக்கும் நூலை இழுத்துக்கொண்டே இருக்கிறாள். நீங்கள் பையை இறக்கி வைக்கிறீர்கள். அவள் போகும்போது மணி ஆறே முக்கால். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஆண்டு மதிப்பீட்டுப் படிவத்தில் இடமே இருக்காது. அன்றிரவே ஒரு நோட்டில் தேதி, செலவான நேரம், வேலையின் வகை ஆகியவற்றை எழுதுங்கள். மாணவரின் பெயரையோ அடையாளத்தையோ எழுத வேண்டாம். ஒரு பருவ முடிவில் நான் கூட்டிப் பார்த்தபோது, மனத்தில் நினைத்திருந்ததைப் போல இரண்டு மடங்கு வந்தது. அந்தக் கணக்கை ஒரே பக்கத்தில் சுருக்கித் துறைத் தலைவரிடம் கொடுத்து, இதைச் சேவையாகக் கணக்கில் எடுக்கவோ, இல்லையேல் ஒரு பாடத்தைக் குறைக்கவோ வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். வாயால் சொல்லும் நன்றி, நிரந்தரப் பணிக்கான கோப்பில் ஏறாது.

புதிய குழுவுக்கு அழைப்பு வந்தால் அன்றே ஒப்புக்கொள்ளாமல் இரண்டு நாள் பொறுத்து, இரண்டு கேள்விகளை மட்டும் பதிலாக அனுப்புங்கள்: இதற்கு ஈடாக எந்த வேலை குறைக்கப்படும்? குழுவின் பரிந்துரையை நிறைவேற்றும் அதிகாரம் யாரிடம் இருக்கிறது? இரண்டுக்கும் தெளிவான விடை இல்லையென்றால் மறுத்துவிடுங்கள். அந்த மறுப்புக்காகக் குற்றவுணர்ச்சி கொள்ளத் தேவையில்லை.

உடல் சொல்வதையும் கேளுங்கள். இனப் பாகுபாட்டை ஓயாமல் எதிர்கொள்வதால் வரும் களைப்பைக் கல்வியாளர் வில்லியம் ஸ்மித் ‘இனப்போர்ச் சோர்வு’ என்றார்; அந்த நிலையில் தலைவலி, தூக்கமின்மை, நெஞ்சுப் படபடப்பு ஆகியவை அடங்கும். கூட்டத்துக்கு முந்தைய இரவுகளில் மட்டும் தூக்கம் கெடுகிறதென்றால், நோட்டில் அதையும் குறித்து மருத்துவரிடம் காட்டுங்கள். இனப் பாகுபாட்டின் பாதிப்பை அறிந்த மனநல ஆலோசகரைத் தேடுவது நல்லது; அவருக்கு எல்லாவற்றையும் அரிச்சுவடியிலிருந்து விளக்க நேர்ந்தால், அதுவே இன்னொரு வேலையாகிவிடும்.

தனியாக நிற்காதீர்கள். சான் பிரான்சிஸ்கோ மாநிலக் கல்லூரியில் 1968 நவம்பர் 6 அன்று கறுப்பின மாணவர்களும் பிற சிறுபான்மை மாணவர்களும் தொடங்கிய வேலைநிறுத்தம் 1969 மார்ச் வரை நீடித்தது. ஜனவரியில் ஆசிரியர் சங்கமும் சேர்ந்துகொண்டது. அங்கே சிறுபான்மை இனங்களின் வரலாற்றையும் பண்பாட்டையும் கற்பிக்கும் இனவியல் படிப்புகளுக்கென ஒரு தனிக் கல்லூரியே உருவானது அந்தப் போராட்டத்தின் பயன். ஒருவர் தோளில் ஏற்றி வைத்திருந்தால் அது ஒரு வாரம்கூடத் தாங்கியிருக்காது. நாலைந்து பேர் சேர்ந்து முறை வைத்துக்கொள்ளுங்கள்: இந்த மாதம் பொதுவில் பேசுபவர் ஒருவர், அவருக்கு வரும் வசை மின்னஞ்சல்களைப் படித்து, மிரட்டல்களை மட்டும் பிரித்துச் சேமிப்பவர் இன்னொருவர், இளைப்பாறுபவர் வேறொருவர். தாக்கப்படுபவரே அந்த அஞ்சல்களைப் படிக்கக் கூடாது என்பது எங்கள் குழுவில் கண்டிப்பான விதி.

சட்டத்தையும் அறிந்திருங்கள். டெக்சஸில் 2024 ஜனவரி 1 முதல் அரசுப் பல்கலைக்கழகங்களில் பன்மைத்துவம், சமத்துவம், உள்ளடக்கம் (டி.இ.ஐ.) ஆகியவற்றுக்கான அலுவலகங்களுக்குத் தடை உண்டு; ஆனால் வகுப்பறைப் பாடத்துக்கும் ஆய்வுக்கும் அச்சட்டமே விலக்கு அளிக்கிறது. தடை எதுவரை என்று தெரியாமல் பாடத்திட்டத்தை நீங்களே வெட்டிவிடாதீர்கள். எச்-1பி விசாவில் இருப்பவர்கள், கைதாகும் வாய்ப்புள்ள போராட்டத்துக்குப் போகும் முன் குடிவரவு வழக்கறிஞரிடம் கேட்டுக்கொள்வது அவசியம். கைதாகக்கூடிய இடத்தில் குடியுரிமை உள்ளவர்கள் நிற்கட்டும், நீங்கள் அறிக்கை எழுதலாம், உணவு ஏற்பாடு செய்யலாம்.

தமிழர்களாகிய நாம் இங்கே ஒன்றைக் கூடுதலாக நினைக்க வேண்டும். பிராண்டைஸ் பல்கலைக்கழகம் 2019-இலும், கலிபோர்னியா மாநிலப் பல்கலைக்கழக அமைப்பு 2022-இலும் பாகுபாட்டுத் தடை விதிகளில் சாதியைச் சேர்த்தன. தலித் ஆசிரியர்களும் மாணவர்களும் நிறத்தின் பாரத்தோடு சாதியின் பாரத்தையும் சுமக்கிறார்கள். உங்கள் குழுவில் சாதியைப் பற்றி விளக்கும் வேலையை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். ஆதிக்கச் சாதியில் பிறந்தவர்கள் அதைப் படித்துத் தாங்களே பேசட்டும்.

ஓய்வை, மிச்சமிருக்கும் நேரத்துக்கு விடாமல், பருவம் தொடங்கும்போதே நாட்காட்டியில் குறித்துவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் ஒரு மாலை, கோடையில் மூன்று வாரம். அந்த நாட்களில் உங்கள் பெயருக்கு வரும் அழைப்புகளுக்கு யார் பதில் சொல்வது என்பதையும் அதே இடத்தில் எழுதி, உரியவரிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.