காசல்ரீ, மவுசாகலைக் கரைக்குப் போகிறீர்களா?

ஊருக்கு வரும் விடுமுறையில் இலங்கை மலையகத்துக்கு இரண்டு நாள் ஒதுக்குபவர்கள் பெரும்பாலும் நுவரெலியாவோடு திரும்பிவிடுகிறார்கள். அட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் பக்கம் போனால் வீதியோரமாகவே காசல்ரீ நீர்த்தேக்கம் வரும். நோர்வூட்டில் பிரிந்து மஸ்கெலியாவுக்குப் போனால் மவுசாகலை நீர்த்தேக்கம். இரண்டையும் பார்க்க ஒரு முழுப் பகல் வேண்டும். கொழும்பிலிருந்து அவிசாவளை, கித்துல்கல வழியாக அட்டனுக்கு நாலைந்து மணி நேரம் ஆகும் என்பதால், முதல்நாளே வந்து தங்குவது நல்லது. மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை அடைபடும், ரயிலும் நின்றுபோகும். புறப்படுமுன் விசாரியுங்கள்.

ஜனவரி முதல் மார்ச் வரை போவதே சிறந்தது. மே மாதத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிட்டால் குளம் நிரம்பி, உட்காரக் கரையே இராது. மார்ச், ஏப்ரலில் பிற்பகலில் இடி மின்னலோடு மழை கொட்டும். ஆகவே காலையில் போய் 2 மணிக்குள் மேட்டுக்கு ஏறிவிடுங்கள். சிவனொளிபாதமலை யாத்திரைப் பருவம் டிசம்பர் பௌர்ணமியில் தொடங்கி வெசாக் (மே மாதப் பௌர்ணமி) வரை நீளும். அந்த மாதங்களில் போயா (பௌர்ணமி விடுமுறை) நாளும் வார இறுதியும் வேண்டாம். மலையேற்றம் தொடங்கும் நல்லதண்ணிக்குப் போகும் வாகனங்களால் மஸ்கெலியா வீதி இறுகிவிடும்.

1965இல் காசல்ரீயையும் 1969இல் மவுசாகலையையும் கட்டியது மின்சாரத்துக்காக. எனவே கோடையில் நீர்மட்டம் இறங்கிக்கொண்டே போகும். அப்போது தெரியும் அகன்ற மண்திட்டைக் கடற்கரை என்று நினைத்துவிடாதீர்கள். மேலே வெயிலில் காய்ந்து பாளம் பாளமாக வெடித்திருக்கும். அடியில் மலைச்சரிவுகளிலிருந்து வந்து படிந்த சேறு. தண்ணீரை நெருங்க நெருங்க முழங்கால்வரை புதையும். பழைய ஆற்றுப் பள்ளத்தாக்கு மூழ்கிய இடமாதலால், நாலடி வைத்ததும் ஆழம் திடீரென்று விழும். நீச்சல் தெரிந்தவருக்கும் குளிர் தசையை இறுக்கும். உயிர்காப்பாளர் இருப்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம். வெளிநாட்டுக் குளங்களில் நீந்திப் பழகிய பிள்ளைகளுக்கு இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: இங்கே குளிப்பதில்லை, கால்கூட நனைப்பதில்லை. படகில் ஏறினால் மிதவைச் சட்டையைக் கேட்டு வாங்கிப் போடுங்கள், இல்லையென்றால் ஏறாதீர்கள். நீரில் விளையாடியே ஆகவேண்டும் என்கிற சிறுவர்களுக்கு நுவரெலியாவில் கிரகரி வாவிப் படகுகள் இருக்கின்றன.

மவுசாகலையில் நீர் நன்றாக இறங்கிய ஆண்டுகளில் பழைய மஸ்கெலியா நகரம் வெளியே வரும். அணைக்காக மூழ்கடிக்கப்பட்ட ஊர் அது. அதன் கோயில், பள்ளிவாசல், விகாரை ஆகியவற்றின் எச்சங்களை அப்போது காணலாம். எங்கள் மக்கள் வாழ்ந்த ஊர். செருப்பைக் கழற்றி வணங்குகிறவர்களைப் பார்ப்பீர்கள். கற்களின் மேல் ஏறி நின்று படம் எடுக்காதீர்கள். சேற்றில் பாதை தெரிந்த ஊரவர் ஒருவரோடு போவது பாதுகாப்பு.

கரைக்குப் போகும் வழிகள் பல தேயிலைத் தோட்டங்களுக்குள்ளால்தான் போகின்றன. லயத்து (தொழிலாளர் வரிசை வீடுகளின்) வாசல்கள் வீட்டு முற்றங்கள், கேட்டுவிட்டுக் கடவுங்கள். கொழுந்து பறிப்பவர்களைப் படமெடுக்கவும் அவர்கள் சம்மதம் வேண்டும். அணைக்கட்டில் காவல் உண்டு. ட்ரோனை அனுமதியில்லாமல் பறக்கவிட முடியாது.

பையில் சுவெட்டர், மழைச்சட்டை, மாற்றுச் சப்பாத்து, அட்டைக்கடிக்கு உப்பும் சவர்க்காரமும் இருக்கட்டும். காசை அட்டனிலேயே எடுத்துக்கொள்ளுங்கள். கழிவறைத் தேவையையும் நகரத்தில் முடித்துவிட்டு இறங்குங்கள். கொண்டுபோகும் பொலித்தீன் திரும்பவும் உங்கள் பையிலேயே வரவேண்டும். இந்த நீர்த்தேக்கங்கள் இருக்கும் கெசல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா என்ற ஆறுகள் இரண்டும் சேர்ந்துதான் களனி கங்கையாகி, கொழும்பின் குடிநீராகின்றன.