ஈபி-2, ஈபி-3 தாவல்: எங்கே சறுக்குகிறார்கள்

கிரீன் கார்டு வரிசை எந்தத் தேதி வரை நகர்ந்திருக்கிறது என்று அமெரிக்க அரசு மாதாமாதம் சொல்லும் விசா புல்லட்டின் வந்த அன்று மாலைக்குள் யாராவது ஒருவர் போன் செய்துவிடுவார். "அண்ணா, ஈபி-3 முன்னாடி ஓடுதே, மாறிடலாமா?" அமெரிக்காவில் குடியேற்ற மனுக்கள் தயார் செய்வது என் பிழைப்பு. ஈபி-2, ஈபி-3 என்பவை வேலை வழியாகக் கிரீன் கார்டு வாங்கும் இரண்டு பிரிவுகள்: முதலாவது பெரும்பாலும் முதுநிலைப் பட்டம் கேட்கும் வேலைக்கு, இரண்டாவது இளநிலைப் பட்டமோ தொழில் திறனோ கேட்கும் வேலைக்கு. 2020ல் எங்கள் ஆட்கள் அடித்துப் பிடித்துச் செய்த அதே தவறுகளை இப்போது புதிதாக வருபவர்களும் செய்கிறார்கள். கையெழுத்து விட்டுப்போவது, கட்டணத் தொகை மாறிப்போவது எல்லாம் இங்கே வேண்டாம். அவை திரும்பி வந்தால் திருத்தி அனுப்பிக்கொள்ளலாம்.

கையில் இருக்கும் ஈபி-2வை இழந்துவிட்டு ஈபி-3க்குப் போவது

இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு எரிச்சல்தான். கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்கிறேன்.

2020 அக்டோபர் புல்லட்டினில் இந்தியர்களுக்கான மனு தாக்கல் தேதி (அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்கள் கிரீன் கார்டு விண்ணப்பம் போடலாம்) ஈபி-2க்கு 2011 மே 15. ஈபி-3க்கோ 2015 ஜனவரி 1. கொரோனாவால் குடும்ப விசாக்கள் மிஞ்சி, அவை வேலைவாய்ப்புப் பக்கம் சேர்ந்த ஆண்டு அது. வழக்கமாகச் சுமார் 1,40,000 கிரீன் கார்டு என்றால் அந்த ஆண்டு சுமார் 2,62,000. ஈபி-2வில் காத்திருந்தவர்கள் அதே பெர்மை (கம்பெனி தொழிலாளர் துறையிடம் வாங்கும் சான்று) வைத்து ஈபி-3யில் இன்னொரு ஐ-140 (கம்பெனி போடும் குடியேற்ற மனு) போட்டு, கூடவே ஐ-485யும் (கிரீன் கார்டு விண்ணப்பம்) போட்டார்கள். ஈஏடி என்ற வேலை அனுமதி அட்டை கிடைக்கும், ஹெச்-1பி வேலை விசாவின் தொங்கல் குறையும். இதில் தப்பே இல்லை.

தப்பு எங்கே என்றால், ஐ-140 படிவத்தின் இரண்டாம் பகுதியில். 'முன்பு தாக்கல் செய்த மனுவைத் திருத்த' என்று அங்கே ஒரு சின்னக் கட்டம் இருக்கிறது. அதில் டிக் போட்டால் நீங்கள் இரண்டாவது மனு கேட்கவில்லை, பழைய மனுவையே ஈபி-3 ஆக்கச் சொல்கிறீர்கள். அதை விட்டுவிட்டுப் புது மனுவாகப் போட்டால் ஈபி-2 ஒரு பக்கம், ஈபி-3 ஒரு பக்கம் என இரண்டும் உயிரோடு இருக்கும்.

டெக்சாஸில் ஒரு தம்பி, முன்னுரிமைத் தேதி (வரிசையில் இடம் பிடித்த தேதி) 2013. அவர் கம்பெனியின் வழக்கறிஞர் அந்தக் கட்டத்தில் டிக் போட்டிருந்தார். தம்பியும் கையில் ஈஏடி வந்த சந்தோஷத்தில் எதையும் பார்க்கவில்லை. 2022ல் கதை தலைகீழ். மேல் பிரிவான ஈபி-1ல் மிஞ்சியவை ஈபி-2வில் விழ, ஈபி-2வின் இறுதித் தேதி (அதற்கு முன் வரிசையில் சேர்ந்தவர்களுக்குக் கார்டே கிடைக்கும்) 2014 டிசம்பர் 1 வரை பாய்ந்தது. ஈபி-3 அப்போது 2012 பிப்ரவரி 15ல் நின்றது. ஈபி-2வைப் பத்திரமாக வைத்திருந்தவர்கள் கடிதமும் சப்ளிமென்ட் ஜேயும் (வேலை இன்னும் இருக்கிறது என்று கம்பெனி உறுதி சொல்லும் படிவம்) அனுப்பி ஐ-485 வழக்கை அதற்கு மாற்றிக் கார்டு வாங்கினார்கள். தம்பிக்கு மாற ஈபி-2வே இல்லை. மறுபடி மனு போடக் கம்பெனியைக் கெஞ்சி, சம்பளம் கொடுக்க வக்கு உண்டு என்று நிதி அதிகாரியிடம் கடிதம் வாங்குவதற்குள் அக்டோபர் வந்துவிட்டது. ஈபி-2 தேதி 2012 ஏப்ரல் 1க்குப் பின்வாங்கியது. டிசம்பரில் 2011 அக்டோபர் 8.

மனுவில் கையெழுத்துப் போடுவது கம்பெனி, அனுப்புவது கம்பெனியின் வழக்கறிஞர். சரி, அதற்காக நகல் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது? அனுப்புவதற்கு முன் வரைவைக் கேளுங்கள். பலர் கேட்கவே தயங்குகிறார்கள், எனக்கு அதுதான் புரியவில்லை.

ஐ-140 வந்துவிட்டால் வழக்கு தானாக மாறும் என்று இருப்பது

மாறாது. எழுதிக் கேட்க வேண்டும். அதுவும் போக நினைக்கும் பிரிவில் இறுதித் தேதி உங்களுக்குத் திறந்திருக்கும்போது.

பழைய பெர்மை வைத்தே ஈபி-2க்கு ஏறப் பார்ப்பது

ஈபி-2விலிருந்து ஈபி-3க்கு இறங்கப் பழைய பெர்ம் போதும். ஏறுவதற்கு, அந்த பெர்மில் வேலைக்குக் கேட்ட தகுதியே முதுநிலைப் பட்டமாகவோ, இளநிலையுடன் ஐந்து வருட அனுபவமாகவோ இருந்திருக்க வேண்டும். இல்லையென்றால் புது பெர்ம்தான். பழைய ஐ-140யின் முன்னுரிமைத் தேதி மோசடி, பெரும் பிழை போன்ற காரணங்களுக்காக ரத்தாகாத வரை கூடவே வரும், அந்தக் கவலை வேண்டாம். ஆனால் அதே கம்பெனியில் அதே மாதிரி வேலையில் சேர்த்த அனுபவம் கணக்கில் வராது. அப்புறம், நம்மூர் மூன்று வருட பி.எஸ்சி., பி.காம். மட்டும் வைத்துக்கொண்டு 'ஐந்து வருட அனுபவம் இருக்கே' என்று போனால் பெரும்பாலும் அங்கேயே முட்டும்.

என்ஐடபிள்யூ போட்டால் வரிசை குறையும் என்பது

என்ஐடபிள்யூ என்பது தேச நலனைக் காட்டிக் கேட்கும் விலக்கு. அதுவும் ஈபி-2 வரிசைதான். பெர்ம் வேண்டாம், முதலாளி வேண்டாம், அவ்வளவே.

பிள்ளையின் வயதைப் பார்க்காமல் பிரீமியம் கட்டுவது

21 வயதை நெருங்கும் பிள்ளை இருந்தால் மட்டும் இது. கணக்குப்படி 21 ஆகிவிட்டால் பெற்றோரின் வழக்கோடு பிள்ளைக்குக் கார்டு கிடைக்காது. விசா எண் கிடைக்கும் நாளில் பிள்ளையின் வயது என்னவோ, அதிலிருந்து ஐ-140 நிலுவையில் இருந்த நாட்களைக் கழிப்பார்கள். எந்த ஐ-140யின் மேல் உங்கள் வழக்கு நிற்கிறதோ அதன் நாட்கள்தான் கணக்கு. பழைய ஈபி-2 மனு எட்டு மாதம் கிடந்திருக்கும். புது ஈபி-3 மனுவுக்குப் பிரீமியம் (விரைவாக முடிக்கக் கூடுதல் கட்டணம்) கட்டி மூன்று வாரத்தில் முடித்தால், கழிக்க அந்த மூன்று வாரம்தான் மிஞ்சும். 2025 ஆகஸ்ட் 15 முதல் போடும் மனுக்களுக்கு இந்தக் கணக்கு மறுபடி இறுதித் தேதி அட்டவணைப்படிதான். தாக்கல் தேதி அட்டவணை திறந்திருக்கிறது என்று நிம்மதியாக உட்கார முடியாது. இரண்டு பிரிவுக்கும் தனித்தனியாக வயதைப் போட்டுப் பாருங்கள். பிள்ளைக்கு ஈபி-2 கணக்கே சாதகம் என்றால், ஈபி-3 எவ்வளவு முன்னால் ஓடினாலும் அந்த மாதம் கையைக் கட்டிக்கொண்டு இருங்கள்.