ரெயூனியனில் பிரிவும் விவாகரத்தும்: சமரசப் பேச்சுக்கு அரசு உதவி பெறும் வழி

பிரெஞ்சுத் தீவான ரெயூனியனில், பிரிவது என்று முடிவானதும் பலர் நேராக வழக்கறிஞரிடம் ஓடுகிறார்கள். அதற்கு முன்னால் செலவே இல்லாத ஒரு படி இருக்கிறது. ‘மெதியாசியோன் ஃபமிலியால்’ எனப்படும் குடும்பச் சமரசப் பேச்சின் முதல் சந்திப்பு எல்லோருக்கும் இலவசம். பிள்ளை யாரிடம் இருக்கும், மாதச் செலவுக்கு யார் எவ்வளவு தருவது, வீட்டுக் கடனை யார் கட்டுவது என்பதையெல்லாம் பயிற்சி பெற்ற ஒரு நடுவர் முன் இருவரும் பேசித் தீர்க்கும் ஏற்பாடு இது. நடுவர் தீர்ப்புச் சொல்லமாட்டார். அங்கே பேசியதை எவரும் நீதிமன்றத்தில் எடுத்துப் போடவும் முடியாது. 1995 முதல் சட்டமே அதைக் காக்கிறது.

கோயிலில் மட்டும் தாலி கட்டி, மேரியில், அதாவது நகராட்சி அலுவலகத்தில், பதிவு செய்யாதவர்களுக்குப் பிரெஞ்சுச் சட்டப்படி விவாகரத்து என்ற ஒன்று கிடையாது. ஆனால் பிள்ளை விஷயத்தில் அவர்களுக்கும் இதே வழி திறந்திருக்கிறது.

முதலில் செய்யவேண்டியது, குடும்ப உதவித்தொகை வழங்கும் அமைப்பான காஃப் (CAF) பணம் தந்து நடத்தும் சேவையைத் தேடுவது. காஃப் இணையதளத்திலோ அதன் அலுவலகத்திலோ பட்டியல் கேட்கலாம். ஏமாற்றம் நேர்வது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். தனியாகத் தொழில் செய்யும் நடுவரிடமும் 2003-இல் உருவான அரசு டிப்ளோமா இருக்கலாம். காஃபோடு ஒப்பந்தம் இல்லையென்றால் அவர் சொல்வதுதான் கட்டணம். ஆகவே தொலைபேசியில் முதல் கேள்வி, “காஃப் கட்டண அட்டவணைப்படி வாங்குகிறீர்களா?” என்பதாக இருக்கட்டும்.

அந்த அட்டவணைப்படி ஒரு அமர்வுக்கு ஒருவர் கட்டுவது 2 யூரோ முதல் 131 யூரோ வரை. அவரவர் வருமானத்துக்கு ஏற்ப அவரவர் கட்டுவார்கள். மொத்தத்தைப் பாதியாகப் பிரிப்பதில்லை. ஆர்எஸ்ஏ என்ற குறைந்தபட்ச வருமான உதவியில் வாழும் மனைவி 2 யூரோ கட்ட, நல்ல சம்பளக்காரக் கணவர் பல மடங்கு கட்டலாம். இதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, இல்லாவிட்டால் முதல் அமர்விலேயே இதற்காக ஒரு சண்டை வரும். கடைசி வரி அறிவிப்பு, சம்பளச் சீட்டுகள், காஃப் உதவித்தொகைச் சான்று ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். ஒரு அமர்வு ஒன்றரை முதல் இரண்டு மணி நேரம் போகும். பிரெஞ்சு தடுமாறுமானால் நேரம் குறிக்கும்போதே சொல்லிவிடுங்கள். மொழிபெயர்க்க மாமாவையோ அக்காவையோ கூட்டிச் செல்லாதீர்கள், பிள்ளையை ஒருபோதும் கூடாது.

குடும்ப நீதிபதியும் சமரசப் பேச்சுக்கு அனுப்பலாம். அப்போது கைகொடுப்பது ‘எய்த் ஜூரிதிக்சியோனல்’ என்ற அரசுச் சட்ட உதவி. நீதிபதி உத்தரவிட்ட சமரசத்தில் உங்கள் பங்குக் கட்டணத்தையும், வழக்கறிஞர் செலவையும் அரசு ஏற்கும். 2025 கணக்கில் தனி ஆளின் வரிக்கான ஆண்டு வருமானம் 12,862 யூரோவுக்குள் இருந்தால் முழு உதவி. 19,290 வரை 55 அல்லது 25 சதவீதம். பிள்ளைகளைப் பராமரிப்பவருக்கு வரம்பு உயரும். சேமிப்பையும் சொத்தையும் பார்ப்பார்கள். இதற்கான அரசுப் படிவம் ‘செர்ஃபா’ எண் 16146. சான்-தெனி, சான்-பியேர் நீதிமன்றங்களில் உள்ள சட்ட உதவிப் பிரிவில் கொடுக்கவேண்டும்.

மனு தடைபடுவது பெரும்பாலும் இரண்டு காரணங்களால். ஒன்று, கூட்டு வரி அறிவிப்பை மட்டும் இணைப்பது. வழக்கு கணவன் மனைவிக்குள் என்பதால் எதிராளியின் வருமானத்தைச் சேர்த்துக் கணக்கிடக்கூடாது. உங்கள் தனி வருமானத்துக்கான கடந்த ஆறு மாதச் சான்றுகளைச் சேர்த்துக் கொடுங்கள். மற்றது காப்பீடு. வீட்டுக் காப்பீட்டிலோ வங்கி அட்டையிலோ சட்டப் பாதுகாப்பு இருந்தால் அதுதான் முதலில் செலவை ஏற்கவேண்டும். இந்த வழக்குக்குத் தரமாட்டோம் என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கடிதம் வாங்கி இணையுங்கள். வழக்கு தொடங்குமுன் மனுப் போடுங்கள்.

சான்-தெனி நீதிமன்ற எல்லைக்குள், அதாவது சான்-தாந்த்ரே போன்ற ஊர்களில் இருப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்கவேண்டும். 2016 நவம்பர் 18 சட்டப்படி சோதனை முறையாகத் தேர்ந்தெடுக்கப்பட்ட 11 நீதிமன்றங்களில் சான்-தெனியும் ஒன்று. இந்தச் சோதனை முறை நடப்பில் இருந்தால், பிள்ளை தொடர்பான பழைய தீர்ப்பை மாற்றக் கேட்பவர், முதலில் சமரசத்துக்கு முயன்றதற்கான சான்றைக் காட்டவேண்டும். இல்லையென்றால் மனுவை விசாரிக்காமலே தள்ளலாம். எதிராளி வரவில்லை என்றாலும் நடுவரிடம் அதற்குச் சான்று வாங்கிக்கொள்ளுங்கள். பலமுறை நீட்டிக்கப்பட்ட ஏற்பாடு என்பதால், மனுப் போடுமுன் இன்னும் நடப்பில் உள்ளதா என்று நீதிமன்றப் பதிவகத்தில் கேட்டுவிடுங்கள். லெ தம்பொன், சான்-லூயி பக்கத்தவர்கள் சான்-பியேர் நீதிமன்றத்துக்கு உட்பட்டவர்கள். அந்தப் பட்டியலில் சான்-பியேர் இல்லை.

அடி, மிரட்டல், அடக்கி வைத்தல் உள்ள வீட்டுக்கு இந்த வழி பொருந்தாது. வன்முறை நடந்ததாக ஒருவர் சொன்னாலே நீதிபதி சமரசத்துக்கு உத்தரவிட முடியாது. பெரியவர்கள் “உட்கார்ந்து பேசுங்கள்” என்று வற்புறுத்தினாலும் போகவேண்டாம். வன்முறைக்கு ஆளாகும் பெண்களுக்கான இலவச உதவி எண் 3919.

உடன்பாட்டை எழுதும்போது இந்தத் தீவுக்கே உரிய சிக்கல்கள் உண்டு. “கோடை விடுமுறையில் பாதி” என்று எழுதினால், தந்தை பாரீஸில் இருக்கும்போது அது ஜூலையா டிசம்பரா என்று சண்டை வரும். இங்கே நீண்ட விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்குகிறது. மாதத்தைப் பெயர் சொல்லி எழுதுங்கள். விமானச் சீட்டு யார் காசில், யார் முன்பதிவு செய்வது, சிறு பிள்ளையை விமானத்தில் யார் கூட்டிப் போவது என்பதும் வேண்டும். தீபாவளி, காவடி, தீமிதி நாட்களில் பிள்ளை யாரிடம் என்பதைத் தேதியால் எழுதாமல் விழாவின் பெயரால் எழுதுங்கள், தேதி ஆண்டுதோறும் மாறும். ஒருவர் புதுச்சேரியில் இருந்தால் காணொளி அமர்வு கேட்டுப் பாருங்கள்; நேர வித்தியாசம் ஒன்றரை மணிதான்.

கையெழுத்தான தாளோடு நின்றுவிடாதீர்கள். கோயில் பெரியவர்கள் முன் எழுதியதைப் போலவே, நீதிபதி அங்கீகரிக்காத உடன்பாட்டையும் கட்டாயப்படுத்தி நிறைவேற்ற முடியாது. குடும்ப நீதிபதியிடம் அங்கீகாரம் கேளுங்கள். இருவரும் சம்மதித்த விவாகரத்து என்றால் 2017 முதல் நீதிபதி தேவையில்லை; ஆளுக்கொரு வழக்கறிஞர் ஒப்பந்தம் எழுதி நோத்தேர் எனப்படும் ஆவணப் பதிவு அதிகாரியிடம் பதிவார்கள், அதற்கும் சட்ட உதவி உண்டு. திருமணப் பதிவு இல்லாமல் பிரியும் பெற்றோர், பிள்ளைச் செலவுத் தொகையில் ஒத்துப்போனால் காஃபே இலவசமாகச் சட்ட வலு தரும். அதன்பின் பணம் காஃப் வழியாகவே கைமாறும், வராத மாதத்தில் வசூலிப்பதும் அவர்கள் வேலை.