கொழுந்தின் நேரம் பார்த்துப் போங்கள்: மலையகத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி

திங்கட்கிழமை காலையில் தேயிலைத் தொழிற்சாலையைப் பார்க்கப் போகாதீர்கள். பெரும்பாலான தோட்டங்களில் ஞாயிற்றுக்கிழமை கொழுந்து எடுப்பதில்லை. ஒரு நாள் பறித்த கொழுந்து அன்றிரவு முழுவதும் வாடி, மறுநாள் விடியற்காலையில்தான் இயந்திரத்துக்கு வரும் என்பதால், திங்கள் காலையில் உருட்டுவதற்கு அங்கே ஒன்றும் இருக்காது. இதை அறியாமல், வெளியூரிலிருந்து வந்த உறவினர்களை ஒரு திங்கட்கிழமை இலங்கை மலையகத்தின் ஹற்றன் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றுக்கு அழைத்துச் சென்றேன். ஓடாத இயந்திரங்களின் நடுவே நின்றுகொண்டு, "இங்கேதான் உருட்டுவோம், அங்கேதான் காய வைப்போம்" என்று அங்கிருந்த வழிகாட்டி பொறுமையாகச் சொல்லிக்கொண்டு வந்தார். தேயிலையின் வாசனைகூட அன்று கட்டடத்தில் இல்லை. அதற்குப் பிறகு கொழுந்தின் நேரத்தைக் கேட்டறியாமல் எந்தத் தொழிற்சாலைக்கும் நான் போனதில்லை.

தோட்டத்து வழக்கில் தொழிற்சாலைக்கு ஸ்டோர் என்று பெயர். மலையில் பறிக்கப்படும் கொழுந்து காலை, நண்பகல், மாலை என்று மடுவத்தில், அதாவது கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், நிறுக்கப்பட்டு ஸ்டோருக்கு வந்துசேரும். அதை வாட்டும் தொட்டிகளில் பரப்பும் வேலை பிற்பகலில் நடக்கும்; வாடுவதற்குப் பன்னிரண்டு முதல் பதினெட்டு மணி நேரம் ஆகும்; உருட்டுதல் பின்னிரவிலோ விடியலிலோ தொடங்கி முற்பகலில் முடிந்துவிடும். ஆகவே செவ்வாய் முதல் சனி வரை ஏதாவது ஒரு நாளில், காலை எட்டு மணிக்கும் பத்து மணிக்கும் இடையில் உள்ளே நுழைபவருக்கே எல்லாக் கட்டமும் ஒருசேரக் காணக் கிடைக்கும். நுவரெலியா போன்ற மிக உயர்ந்த இடங்களில் குளிரை நாடிச் சில தொழிற்சாலைகள் இரவிலேயே வேலையை முடித்துவிடுகின்றன. அதனால் முதல் நாளே தொலைபேசியில் அழைத்து, "நாளைக் காலை எத்தனை மணி வரை ரோலர் (உருட்டும் இயந்திரம்) ஓடும்?" என்று கேட்டுவிடுவது நல்லது. "எத்தனை மணிக்குத் திறப்பீர்கள்?" என்று கேட்டால் பார்வையாளருக்கான நேரத்தைச் சொல்வார்கள், நமக்கு வேண்டியது இயந்திரத்தின் நேரம். தைப்பொங்கல், தீபாவளி, சித்திரைப் புத்தாண்டு, தோட்டத்துக் கோயில் திருவிழா ஆகிய நாட்களையும் தவிர்த்துவிடுங்கள்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மேற்குச் சரிவிலுள்ள திம்புளைப் பகுதியிலும் நுவரெலியாவிலும் ஜனவரி முதல் மார்ச் வரை, வெயிலும் குளிரும் வறண்ட காற்றும் கூடிய நாட்களில், சிறந்த தேயிலை கிடைக்கும். கிழக்கே ஊவாவில் ஜூலை முதல் செப்டெம்பர் வரை கச்சான் என்னும் வறண்ட காற்று வீசும்போது கொழுந்து மெல்ல வளர்ந்து, கற்பூரத்தைப் போல நாக்கில் குளிர்ந்து நிற்கும் ஒரு தனிச் சுவையைப் பெறுகிறது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையில் பெயர் வாங்கித் தந்தது இந்தச் சில வாரக் கொழுந்துதான். ஏப்ரலில் நுவரெலியாவுக்குப் போவதை நான் பரிந்துரைக்க மாட்டேன். வசந்தகாலக் கூட்டத்தில் வழிகாட்டிகள் பத்து நிமிடத்தில் சுற்றிக்காட்டி அனுப்பிவிடுவார்கள்.

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு வரிசை உண்டு. கண்டிக்கு மேலே ஹந்தானையில், 1925இல் கட்டப்பட்ட பழைய தொழிற்சாலை ஒன்று இன்று இலங்கைத் தேயிலை அருங்காட்சியகமாக இருக்கிறது. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் 19 ஏக்கரில் வணிகத்துக்காகத் தேயிலை பயிரிட்ட ஜேம்ஸ் டெயிலர் பயன்படுத்திய பொருட்களும், பழைய உருட்டும் இயந்திரங்களும், எஞ்சின்களும் அங்கே உள்ளன. எதுவும் ஓடாத அந்த இடத்தில் இயந்திரங்களின் அமைப்பை நிதானமாகப் பார்த்துக்கொண்டால், பிறகு ஓடும் தொழிற்சாலையின் இரைச்சலில் வழிகாட்டியின் பேச்சுப் பாதி கேட்காமல் போனாலும் புரியும். கண்டியிலிருந்து நுவரெலியா ஏறும் பாதையிலேயே இருக்கும் லபுக்கலை வசதியானது, ஆனால் பேருந்து பேருந்தாக ஆட்கள் வந்து இறங்கும் இடம். நுவரெலியாவிலிருந்து கந்தப்பளைப் பாதையில் சில கிலோமீட்டரில் உள்ள பீட்ரு தோட்டம் அதைவிட அமைதியானது. ஒரே ஒரு தொழிற்சாலைதான் பார்க்க முடியும் என்பவரை நான் ஹப்புத்தளைக்கு அப்பால் உள்ள தம்பேதன்னைக்கு அனுப்புவேன். 1890இல் தோமஸ் லிப்டன் கட்டிய அந்த நீண்ட கட்டடத்துக்குத் தோட்டத்து மக்கள் போய்வரும் பேருந்திலேயே போகலாம். அங்கிருந்து சுமார் 7 கிலோமீட்டர் மேலே நடந்தால் லிப்டன் அமர்ந்து மலைகளைப் பார்த்த முனை வரும். மூடுபனி இறங்குவதற்கு முன் முனையைப் பார்க்க வேண்டுமென்றால் விடியலில் ஏறி, இறங்கும் வழியில் தொழிற்சாலைக்குள் நுழையுங்கள்.

உள்ளே போவதற்கு முன் கட்டடத்தை வெளியிலிருந்து ஒரு நிமிடம் பாருங்கள். மூன்று நான்கு மாடிகள், ஒவ்வொன்றிலும் வரிசை வரிசையாகச் சன்னல்கள். முற்காலத்தில் மேல்மாடிகளில் சாக்குத் துணித் தட்டுகளை அடுக்கி அவற்றில் கொழுந்தைப் பரப்பிக் காற்றிலேயே வாட்டினார்கள். அத்தனை சன்னலும் அதற்காக வைத்தவை. இன்று நீண்ட தொட்டிகளில் வலைமேல் கொழுந்தைப் பரப்பி, அடியிலிருந்து மின்விசிறியால் காற்றைச் செலுத்துகிறார்கள். பெரும்பாலும் வழிகாட்டி முதலில் அழைத்துப்போவது இந்த மாடிக்குத்தான். அனுமதி கேட்டு ஒரு பிடி கொழுந்தைக் கையில் எடுத்து இறுக்கிப் பிடித்துத் திறந்து பாருங்கள். நன்றாக வாடிய கொழுந்து நொறுங்காது, சத்தமும் எழாது. பிடித்த வடிவத்திலேயே சற்று நேரம் கிடந்து, பிறகு மெல்ல விரியும். பச்சைக் கொழுந்தில் முக்கால் பங்குக்கு மேல் நீர்தான். அதில் எவ்வளவை வெளியேற்றுவது என்பதை, தேயிலை செய்வதை மேற்பார்க்கும் டீமேக்கர் ஒவ்வொரு நாளும் வானத்தைப் பார்த்தும் கொழுந்தைத் தொட்டும் முடிவு செய்கிறார். அவர் அருகில் இருந்தால் அவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: "இன்றைக்கு வாட்டம் எப்படி?" மழைநாளில் இந்தக் கேள்விக்கு மிக நீண்ட பதில் கிடைக்கும்.

அடுத்தது உருட்டும் தளம். செப்பு நிற விளிம்புகள் எழும்பிய வட்ட மேசையின்மேல், கொழுந்து நிறைந்த உருளைத் தொட்டி சுழன்று சுழன்று அரைக்கிறது. இலையை வெட்டாமல் முறுக்கி, அதன் சாற்றை வெளிக்கொணர்ந்து இலையின் மேலேயே பூசுவதுதான் இதன் வேலை. இருபது முப்பது நிமிடங்களுக்குப் பிறகு கொட்டிச் சலிப்பார்கள். சல்லடையில் விழும் நுண்ணிய பகுதி முதல் தூள், விழாமல் நின்றது மீண்டும் உருட்டப்பட்டு இரண்டாம் தூள், மூன்றாம் தூள் என்று தொடரும். ஆங்கிலத்திலேயே எல்லாம் எழுதிவைக்கும் தொழிற்சாலைகளும் இதற்குத் தூள் என்ற சொல்லையே வழங்குகின்றன.

அந்தத் தூளைப் பரப்பிவைத்திருக்கும் குளிர்ந்த அறைதான் முழுச் சுற்றுலாவின் உயிர். இதை மட்டும் அவசரப்பட்டுக் கடந்துவிடாதீர்கள். பல வழிகாட்டிகள் இதை நொதித்தல் என்று சொல்வார்கள். ஆனால் மாவு புளிப்பதைப் போல நுண்ணுயிர்கள் செய்யும் வேலை இதில் இல்லை; நறுக்கிவைத்த வாழைக்காய் காற்றுப் பட்டுக் கறுக்கிறதே, அந்த மாற்றம்தான் இதுவும். ஓர் ஓரத்தில் நின்று, சற்று முன் கொட்டிய தூளையும் ஒன்றரை மணி நேரமாகக் கிடக்கும் தூளையும் அடுத்தடுத்துப் பாருங்கள். ஒன்று பச்சையாக, அறுத்த புல்லின் வாசனையோடு இருக்கும். மற்றொன்று புளி போட்டுத் தேய்த்த செப்புப் பானையின் நிறத்துக்கு வந்திருக்கும். அதன் வாசனை பழத்தின் வாசனைக்கு நெருங்கியிருக்கும். எந்தக் கணத்தில் இந்த மாற்றத்தை நிறுத்துவது என்பதுதான் டீமேக்கரின் கலை. கொஞ்சம் முந்தினால் தேநீர் பச்சை வாடை அடிக்கும், பிந்தினால் சாறு மங்கிச் சப்பென்றாகிவிடும். அவர் ஒரு பிடி தூளை எடுத்து மூக்கருகே வைத்துப் பார்ப்பதை ஒரு முறை கண்டிருக்கிறேன். அவர் தலையசைத்ததும் வண்டி உலர்த்தியை நோக்கி நகர்ந்தது.

உலர்த்தியின் வாயிலில் வெப்பம் முகத்தில் அடிக்கும். பின்புறம் போய்ப் பார்க்க அனுமதித்தால் விறகு அடுக்கிவைத்த உலையையும் காணலாம். சுமார் இருபது நிமிடங்களில் செப்பு நிறத் தூள் கறுத்து, ஈரப்பதம் மூன்று விழுக்காட்டளவுக்கு இறங்கி வெளியே வருகிறது. ஏறத்தாழ நாலரைக் கிலோ கொழுந்துக்கு ஒரு கிலோ தேயிலை என்பது கணக்கு. ஒருவர் நாளெல்லாம் சரிவில் நின்று பறித்த இருபது கிலோ கொழுந்து, இங்கே வரும்போது இரு கைகளிலும் தூக்கிவிடக்கூடிய ஒரு சிறு பையாகிவிடுகிறது.

தரம்பிரிக்கும் அறையில் தூசி பறக்கும். இருமல், இளைப்பு உள்ளவர்கள் கைக்குட்டையால் மூக்கை மூடிக்கொள்ள வேண்டும். அங்கே உராய்வினால் நிலைமின்சாரம் ஏற்றப்பட்ட உருளைகள், ஓடும் தேயிலையின் மேலிருந்து பழுப்பு நிறக் காம்புகளை மட்டும் தாவி எடுத்துக்கொள்ளும். தலைசீவிய சீப்பு காகிதத் துண்டை இழுப்பதைப் போன்றது அது. குழந்தைகளை அழைத்துச் சென்றால் இந்த இயந்திரத்தின் அருகே நிறுத்திக் காட்டுங்கள். பிறகு சல்லடைகள் தேயிலையை அளவு வாரியாகப் பிரிக்கின்றன: நீண்ட முறுக்கிலை ஓ.பி. (ஆரஞ்சு பீக்கோ), உடைந்தது பி.ஓ.பி. (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ), அதனினும் சிறியது பி.ஓ.பி.எஃப். (புரோக்கன் ஆரஞ்சு பீக்கோ ஃபேனிங்ஸ்), கடைசியாக டஸ்ட். இவை அளவைக் குறிக்கும் பெயர்களே தவிர, மேலது கீழது என்ற மதிப்பெண்கள் அல்ல. டஸ்ட் என்றால் கூட்டிப் பெருக்கிய குப்பை என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில் சீக்கிரம் சாறு இறங்கும் நுண்ணிய தூள் அது. ஆரஞ்சு பீக்கோ என்ற பெயருக்கும் ஆரஞ்சுப் பழத்தின் சுவைக்கும் தொடர்பில்லை; பீக்கோ என்பது இளந்துளிரின் வெண்ணிறப் பூமயிரைக் குறித்த சீனச் சொல்லிலிருந்து வந்தது.

இறுதியில் சுவைக்கத் தருவார்கள். அன்று காலை வெற்றிலை போடாமலும், காரசாரமாகச் சாப்பிடாமலும், வாசனைத் திரவியம் பூசாமலும் போவது நல்லது. தேயிலை பிற வாசனைகளை எளிதில் உறிஞ்சிக்கொள்ளும் என்பதால், இது தொழிற்சாலைக்கும் நாம் செய்யும் மரியாதை. பாலும் சீனியும் இல்லாமல், மென்மையான நுவரெலியாத் தேநீரில் தொடங்கித் திம்புளை, ஊவா என்று சென்று, அடர்ந்த தாழ்நிலத் தேநீரில் முடியுங்கள். அடர்ந்ததை முதலில் குடித்தால் மற்றவற்றின் நுட்பம் நாக்கில் படாது. கரண்டியில் எடுத்துச் சத்தத்தோடு உறிஞ்சத் தயங்காதீர்கள். காற்றும் சேர்ந்து போனால்தான் மணம் மூக்குக்கு ஏறும்.

உடையிலும் கவனம் வேண்டும். தரை ஈரமாகவும் படிகள் செங்குத்தாகவும் இருப்பதால் செருப்பு ஆகாது, கட்டிய காலணி வேண்டும். புடவைத் தலைப்பையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகி, கூந்தலை முடிந்துகொள்ள வேண்டும். பாதுகாப்புக் கம்பிக்கு அப்பால் கை நீட்டக் கூடாது. படம் எடுக்க உள்ளே பல இடங்களில் அனுமதி இல்லை, வாசலிலேயே கேட்டுவிடுங்கள்.

மலையில் கொழுந்து எடுப்பவர்களைப் படம் பிடிப்பது பற்றித் தனியே சொல்ல வேண்டும். அவர்களது கூலி எடுத்த கிலோவோடு கட்டுண்டது. நமக்காக நிமிர்ந்து சிரிக்கும் ஐந்து நிமிடம் அவர்களது கூடையிலிருந்து குறைகிறது. "அக்கா, ஒரு படம் எடுக்கலாமா?" என்று தமிழில் கேட்டால் பெரும்பாலும் பேச்சுத் தொடரும், வேண்டாமென்றால் அத்தோடு விட்டுவிட வேண்டும். இவர்களுடைய முன்னோர் தமிழகத்துக் கிராமங்களிலிருந்து முதலில் கோப்பித் தோட்டங்களுக்கும் பிறகு தேயிலைக்கும் கொண்டுவரப்பட்டவர்கள். 1948இல் குடியுரிமை பறிக்கப்பட்டவர்களும் அவர்களே. இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தால் தமிழகம் திரும்பியவர்களில் பலருக்கு நீலகிரியில் அரசுத் தேயிலைத் தோட்டங்கள் வேலை தந்தன. வழிகாட்டிகள் டெயிலரையும் லிப்டனையும் சொல்வார்கள், இதைக் கேட்டால்தான் சொல்வார்கள். கேளுங்கள்.

மூணாறுக்கோ நீலகிரிக்கோ போகிறவர்கள் அங்கே பெரும்பாலும் வேறு முறையைக் காண்பார்கள்: எதிரெதிராகச் சுழலும் பல்லுருளைகள் கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டிக் குருணையாக்குகின்றன. நம் தேநீர்க்கடைகளின் பால் தேநீர் இந்தத் தேயிலையில் போடுவதுதான். மூணாறில் நல்லதண்ணி எஸ்டேட்டில் 2005இல் தொடங்கிய அருங்காட்சியகத்துக்கும் திங்கட்கிழமை விடுமுறை.

வாங்கும்போது பொதியின் முகப்பைவிடப் பொதியிட்ட நாளைப் பாருங்கள். வாளேந்திய சிங்க முத்திரை, உள்ளிருப்பது முழுதும் இலங்கைத் தேயிலை, அதுவும் இலங்கையிலேயே பொதியிடப்பட்டது என்பதற்கு உறுதி. ஆனால் அது இதே தொழிற்சாலையில் செய்ததா என்பதைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். இங்கே செய்யப்படுவதில் பெரும்பகுதி கொழும்பு ஏலத்துக்குப் போய்விடுகிறது. கடையில் இருப்பது கலவையாகவும் இருக்கலாம். "இந்தத் தோட்டத்துத் தேயிலை மட்டும், அண்மையில் செய்தது" என்று கேட்டு நூறு கிராம் வாங்கினால் போதும்.

மாலை வரை தங்க முடிந்தால், நான்கு மணியளவில் மடுவத்துப் பக்கம் ஒதுங்கி நில்லுங்கள். இடுப்பில் படங்கு என்னும் முரட்டுத் துணி கட்டியவர்கள் வரிசையில் வந்து தராசில் கொழுந்தைத் தூக்கிவைப்பார்கள். எடையைக் கூப்பிட்டுச் சொல்லி எழுதுவார்கள். முற்றிய இலையைத் தள்ளிவிடுவார்கள். பிறகு லொறி ஸ்டோருக்குப் புறப்படும். மறுநாள் காலை எட்டு மணிக்கு ரோலரில் சுழல்வது அந்தக் கொழுந்துதான்.